தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஜப்பான் கொடி: எரிப்பதா, விற்பதா, திருப்பி அனுப்புவதா?

கேள்வி சுருக்கமாக இதுதான். உசிலம்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா வரை போய்த் திரும்பியவர். அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது அப்பத்தாவும் காலமான பிறகு தாத்தாவுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால், அடியில் மடித்து வைத்த ஒரு வெள்ளைத் துணி. நடுவில் சிவப்பு வட்டம். வட்டத்தைச் சுற்றிக் கறுப்பு மையில் ஜப்பானிய எழுத்து. ஒரு மூலையில் பழுப்புக் கறை. "செத்தவன் துணி வீட்டில் இருக்கக் கூடாது, எரித்துவிடு" என்கிறார் சித்தப்பா. நல்ல விலைக்குப் போகும், விற்றுவிடலாம் என்கிறார் மச்சான். துவைத்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமே என்கிறார் அத்தை. இது என்ன, தாத்தாவிடம் எப்படி வந்திருக்கும், வைத்திருப்பது குற்றமா, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிக்க வேண்டாம், விற்க வேண்டாம், துவைக்க வேண்டாம். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் பிறகு நினைத்தாலும் மீட்க முடியாது. அந்தத் துணியில் ஒரு ஆளின் பெயர் இருக்கிறது. அதைப் படிக்க வைப்பதுதான் முதல் வேலை. பெயர் தெரிந்து, அந்தக் குடும்பமும் கிடைத்தால், கொடியை அவர்களிடமே சேர்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது ஒரு சிப்பாயின் சொந்தக் கொடி. படையணிக் கொடிகளில் இப்படிக் கையெழுத்து நிறைந்திருக்காது. 1930களிலும் 40களிலும் ஜப்பானில் ஒரு பையனுக்குப் பட்டாளத்து அழைப்பு வந்தால், வீட்டிலோ வேலை பார்க்கும் இடத்திலோ ஒரு தேசியக் கொடியை வாங்குவார்கள். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், பள்ளிக்கூடத்து வாத்தியார், கூட வேலை செய்தவர்கள் என்று ஒவ்வொருவராக அதில் பெயர் எழுதிப் புறப்படும்போது அவன் கையில் கொடுப்பார்கள். 'யோசெகாகி ஹினோமாரு' என்று அதைச் சொல்வார்கள். அவன் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போவான். சிவப்பு வட்டத்திலிருந்து கதிர் கிளம்புவது போல எழுதியிருப்பதில் பெரும்பகுதி மனிதர்களின் பெயர்கள்தான். மேல் ஓரத்தில் மட்டும் பெரிதாக நான்கு எழுத்து இருந்தால், பெரும்பாலும் அது 'புவுன் சோக்யூ' என்ற வாழ்த்து. போர்க்களத்தில் உனக்கு நல்ல காலம் நீடிக்கட்டும் என்று சொல்லி அனுப்புவது. அத்தனை பேர் கை வைத்து வாழ்த்தி அனுப்பிய பையன் பர்மாக் காட்டில் எங்கேயோ விழுந்திருக்கிறான். துணி மட்டும் உசிலம்பட்டி வந்து சேர்ந்திருக்கிறது.

அளவு எடுத்துப் பாருங்கள். இந்த வகைக் கொடிகள் ஏறத்தாழ இரண்டேகால் அடி அகலம், மூன்றடி நீளம் இருக்கும். கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். துணி பட்டாகவோ பருத்தியாகவோ ரேயானாகவோ இருக்கலாம். கம்பில் கட்டுகிற பக்கத்தில் இரண்டு மூலைகளிலும் சின்னத் தோல் துண்டோ தடித்த துணியோ வைத்துத் தைத்து, கயிறு கோத்திருப்பார்கள். உங்களுடையதில் கயிறு போயிருந்தாலும் ஓட்டை தெரியும். பட்டா ரேயானா என்று பார்க்க நூலைப் பிய்த்து எரித்துப் பார்க்கிற வேலை வேண்டாம். மதுரையில் பட்டு நெசவோடு வாழ்ந்த சௌராஷ்டிரப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை வீட்டுக்கு அழைத்துக் காட்டினால், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

அப்புறம், பெட்டியை முழுக்கப் பார்த்தீர்களா? இடுப்பில் சுற்றுகிற அளவுக்கு நீளமான இன்னொரு துணி, வரிசை வரிசையாகச் சிவப்பு நூல் முடிச்சோடு இருந்தால் அதையும் இதோடு சேர்த்து வையுங்கள். சுங்குடிக்கு முடிச்சுப் போட்ட துணி மாதிரி இருக்கும். 'சென்னின்பாரி' என்பது அதன் பெயர். பையனின் தாயோ தங்கையோ தெருமுனையில் நின்று, போகிற வருகிற பெண்களிடம் ஆளுக்கு ஒரு முடிச்சு போடச் சொல்லி ஆயிரம் முடிச்சு சேர்ப்பார்கள். புலி ஆண்டில் பிறந்த பெண் மட்டும் தன் வயது எத்தனையோ அத்தனை முடிச்சு போடலாம்; புலி எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வரும் என்பது அங்குள்ள நம்பிக்கை. சிலவற்றில் ஓட்டை போட்ட காசுகூடத் தைத்திருக்கும். விவரம் தெரியாதவர்கள் இதைப் பழைய கந்தல் என்று தூக்கி எறிந்துவிடுவார்கள்.

இனி, பெயரைப் படிக்க வைப்பது. மொபைலில் மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டிப் பார்த்திருப்பீர்கள். அச்செழுத்துக்கு அது உதவும். தூரிகையால் கூட்டி எழுதிய பெயர்களில் தப்புத் தப்பாகச் சொல்லும். ஜப்பானில் ஒரே எழுத்தையே பெயரில் இரண்டு மூன்று விதமாக உச்சரிக்கிறார்கள். அதனால் பெயர் மட்டும் போதாது, ஊரும் வேண்டும். கொடிக்கு உரியவனின் பெயர் பெரும்பாலும் வலது ஓரத்திலோ இடது ஓரத்திலோ மேலிருந்து கீழாக, மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும். பெயருக்குக் கீழே 'குன்' என்ற மரியாதைச் சொல் சேர்ந்திருக்கும். ஊரைக் கண்டுபிடிக்க நல்ல துப்பு, கொடியில் எங்காவது குத்தியிருக்கும் சிவப்பு முத்திரை. பையனின் ஊரிலோ பக்கத்திலோ உள்ள கோயிலில் வேண்டிக்கொண்டு முத்திரை வாங்குவார்கள். அது எந்தக் கோயில் என்று தெரிந்தால் அவன் எந்த வட்டாரத்துப் பிள்ளை என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். கம்பெனிப் பெயரோ பள்ளிப் பெயரோ எழுதியிருந்தாலும் அப்படித்தான்.

அதனால் படம் எடுப்பதில் சோம்பல் படாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். பழைய பட்டு ஒரு சின்னக் கூரில் மாட்டினாலும் கிழியும். கட்டிலில் வெளுத்த வேட்டியை விரித்து அதன்மேல் கொடியை மெதுவாகப் பிரியுங்கள். ஒட்டிக்கொண்ட மடிப்பை இழுக்க வேண்டாம். பாதி பிரித்து ஒரு நாள் அப்படியே விட்டால் தானே கொஞ்சம் இளகும். வெயில் நேராக விழாத வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து முழுக் கொடியையும் ஒரு படம் எடுங்கள். பிறகு ஒன்பது கட்டமாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் நெருக்கத்தில் எடுங்கள். முத்திரைகளைத் தனியாக. அளவு தெரிய ஓரத்தில் டேப் ஒன்றை வையுங்கள். துணி மெல்லியது என்பதால் மை பின்பக்கமும் தெரியும், எது முன்பக்கம் என்று குழப்பம் வரும். இரண்டு பக்கமும் எடுத்துவிடுங்கள். இந்தப் படங்களை இப்போதைக்குச் சமூக வலைத்தளத்தில் போட வேண்டாம். அந்த வீட்டுக்காரர்கள் இதைக் கேள்விப்படும் விதம் ஒரு கடிதமாகவோ ஒரு மனிதரின் வாய்ச்சொல்லாகவோ இருக்கட்டும். அது ஒருபுறம், படம் பரவினால் வாங்க வருகிற வியாபாரிகளின் தொந்தரவும் தாங்காது.

தாத்தாவிடம் எப்படி வந்தது? உங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காமல் மனதில் வைத்திருக்கும் கேள்வி எனக்குப் புரிகிறது. தாத்தா ஒருவனைக் கொன்று அவன் உடம்பிலிருந்து எடுத்தாரா என்பதுதான் அது. அப்படியும் இருக்கலாம். ஆனால் பர்மாப் போரில் நடந்ததைத் தெரிந்துகொண்டால், வேறு வழிகளும் நிறைய இருந்தன என்பது புரியும்.

1944 மார்ச்சில் ஜப்பானின் பதினைந்தாவது படை சுமார் 85,000 பேரோடு இம்பாலையும் கொஹிமாவையும் நோக்கி வந்தது. மூன்று வாரத்தில் இம்பாலைப் பிடித்து அங்கிருக்கும் அரிசியையும் மருந்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. இம்பால் விழவில்லை. ஜூலையில் பின்வாங்க உத்தரவு வரும்போது கொட்டுகிற மழை. சோறு இல்லை, மருந்து இல்லை. அந்தப் படையெடுப்பில் 30,000 பேர் வரை மடிந்தார்கள். அதில் பசியாலும் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் செத்தவர்கள் ஏராளம். அவர்கள் திரும்பிப் போன பாதையை ஜப்பானியர்களே 'வெள்ளெலும்புச் சாலை' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பாதை வழியாகத்தான் நம் ஆட்கள் பின்தொடர்ந்து போனார்கள். ஜெனரல் ஸ்லிம் தலைமையிலான பிரிட்டிஷ் பதினான்காவது படையில் பெரும்பாலானவர்கள் இந்தியர்கள். 1944 டிசம்பரில் பர்மாவின் காலேவாவில் சிந்த்வின் ஆற்றுக்குக் குறுக்கே 1,154 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம் (இரும்புத் துண்டுகளைக் கோத்து அவசரத்துக்குக் கட்டுவது) போட்டார்கள். 1945 மார்ச்சில் மாண்டலே, மே மாதம் ரங்கூன். வழி முழுக்கக் கைவிட்ட பதுங்கு குழிகள், முகாம்கள், நோயாளிகளோடு விட்டுப் போன மருத்துவக் கூடாரங்கள். லாரி ஓட்டியவர், பாலம் கட்டிய சாப்பர், கோவேறு கழுதை ஓட்டிய ஆள், சமையல்காரர் என்று யார் கண்ணில் வேண்டுமானாலும் ஒரு கொடி பட்டிருக்கும். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகு கைதி முகாம்களில் சிகரெட்டுக்கும் ரொட்டிக்கும் பொருள் கைமாறியதும் உண்டு.

இன்னொரு சாத்தியத்தையும் விட்டுவிடக் கூடாது. தாத்தா 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டு, பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவராக இருந்தால் கதையே வேறு. அப்போது ஜப்பான்காரன் அவர் கூட நின்று சண்டை போட்டவன். கூட இருந்தவன் சாகும்போது கொடுத்ததாகக்கூட இருக்கலாம்.

அன்றைய விதிமுறை என்ன என்றால், களத்தில் கிடைக்கும் கொடி, நாட்குறிப்பு, காகிதம் எல்லாவற்றையும் உளவுப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும். எதிரில் இருப்பது எந்தப் படை என்று அதிலிருந்து தெரிந்துகொள்வார்கள். 1929ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தமும், இறந்தவரிடம் கிடைக்கும் சொந்தப் பொருள்களைச் சேகரித்து எதிர்த்தரப்பிடம் சேர்க்க வேண்டும் என்றே சொல்கிறது. நடைமுறையில் எல்லா நாட்டுச் சிப்பாய்களும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். உங்கள் தாத்தாவை இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. உயிரோடு திரும்புவோமா என்று தெரியாத இடத்தில், இருபது வயதைத் தாண்டியோ தாண்டாமலோ இருந்த ஒரு பையன் எடுத்த முடிவு அது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சண்டையில் ஜெயித்து வந்ததைக் காட்டிக்கொள்ள நினைத்திருந்தால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விரித்துக் காட்டியிருப்பார். அவரோ பெட்டியின் அடியில் ஒழுங்காக மடித்து வைத்திருந்திருக்கிறார். அவர் போன பிறகு அப்பத்தாவும் அதைத் தூக்கிப் போடவில்லை. அது ஒரு மனிதனுக்குச் சொந்தமான துணி என்ற நினைப்பு அந்த இருவருக்கும் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாத்தா எங்கே, எந்தப் பிரிவில் இருந்தார் என்பதை ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். அதே பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகமோ சம்பளப் புத்தகமோ இருக்கும், தேடுங்கள். அதிலுள்ள படை எண் ரொம்ப முக்கியம். மெடல்கள் இருந்தால், மஞ்சள் கலந்த வெண்கல நிறத்தில் ஆறு முனை நட்சத்திரம் இருக்கிறதா பாருங்கள். அதன் ரிப்பன் நடுவில் அகலமான சிவப்பும், இரண்டு பக்கமும் கருநீலமும், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடும் இருந்தால் அது பர்மா ஸ்டார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருவிலும், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டனிலும் ஆவண அலுவலகம் இருக்கிறது. வேறு பிரிவு என்றால் எங்கே எழுத வேண்டும் என்பதை மதுரை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பழுப்புக் கறையைப் பற்றி. உடனே ரத்தம் என்று முடிவுகட்ட வேண்டாம். டிரங்குப் பெட்டியின் தகரம் துருப்பிடித்து, அந்தத் துரு துணியில் இறங்கினாலும் பழுப்பாகத்தான் இருக்கும். துருக்கறை கொஞ்சம் ஆரஞ்சு கலந்து, பெட்டியின் ஓரமோ கொண்டியோ பட்ட இடத்தில் இருக்கும். ரத்தம் என்றால் துணி அந்த இடத்தில் விறைப்பாக இருக்கும். மடித்த நிலையில் ஊறியிருந்தால், பிரித்துப் பார்க்கும்போது ஒரே வடிவம் அடுத்தடுத்த மடிப்புகளில் திரும்பத் திரும்பத் தெரியும். எதுவாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். தண்ணீர் பட்டால் சிவப்புச் சாயம் கசிந்து வெள்ளையில் பரவிவிடும். சலவைத்தூள், எலுமிச்சை, ப்ளீச் எதுவும் கூடாது. இஸ்திரிப் பெட்டியும் கூடாது.

அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்: ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கிற காந்தி மியூசியத்துக்கு ஒருமுறையாவது போயிருப்பார். காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணியை அங்கே வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் வந்து அதன் முன்னால் சத்தம் அடங்கி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அதைத் துவைத்து வைத்திருந்தால் யார் நிற்பார்கள்? கறையைப் போக்கினால் அந்தப் பையனுக்கு நடந்ததற்கு இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும்.

சட்டம் போட்டு மாட்டுவதும் வேண்டாம். மதுரை வெயில் வெளிச்சத்தில் சில வருடத்திலேயே சிவப்பு வெளுத்துவிடும், பட்டும் நொறுங்க ஆரம்பிக்கும். கண்ணாடி நேரடியாகத் துணியில் பட்டால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூஞ்சை வரும். லேமினேஷன் என்ற பேச்சே எடுக்காதீர்கள். வைப்பதற்கு நல்ல வழி, சுருட்டி வைப்பது. பட்டு ஒரே மடிப்பில் பல வருடம் கிடந்தால் மடிப்பில் இழை விட்டுப்போகும். கல்யாணப் பட்டை வருடத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பு மாற்றி வைப்பது இதற்காகத்தான். அகலமான அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து, கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த மல் துணியை அதில் இரண்டு சுற்று சுற்றுங்கள். அதன்மேல் கொடியைத் தளர்வாகச் சுருட்டி, வெளியே இன்னொரு மல் துணியைச் சுற்றி நாடாவால் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம். தகரப் பெட்டியை விட்டு மர பீரோவின் நடுத்தட்டுக்கு மாற்றுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையைத் துணிமேல் போடுகிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது வேண்டாம். வசம்பை இடித்துச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டி, கொடியில் படாமல் தட்டின் ஓரத்தில் வையுங்கள். ஏட்டுச்சுவடிக்கு நம் முன்னோர் செய்த அதே வேலைதான். மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

வைத்திருப்பது குற்றமா என்றால், கொடி, துணி, புகைப்படம், கடிதம் இவற்றை வீட்டில் வைத்திருப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் பெட்டியில் தோட்டா, கையெறி குண்டு, துப்பாக்கி பாகம் போல எதுவும் இருந்தால் அது வேறு விஷயம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் அது வரும், அதைவிடப் பெரிய கவலை உயிர். எண்பது வருடம் ஆன வெடிமருந்து செத்துப்போயிருக்கும் என்று நினைத்து எடுத்துக் குலுக்கிப் பார்க்காதீர்கள். தொடாமல் அறையைப் பூட்டிவிட்டு 112க்குச் சொல்லுங்கள்.

இப்போது சித்தப்பாவிடம் வருகிறேன். அவர் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். துர்மரணம் அடைந்தவனின் துணி வீட்டில் இருந்தால் ஆகாது என்பது நம் பக்கத்தில் பலருக்கும் இருக்கும் எண்ணம். ஆனால் அதே நம் பக்கத்தில்தான் சண்டையில் பட்டவனுக்குக் கல் நட்டுப் பொங்கல் வைக்கிறோம். பட்டவன் சாமி எத்தனை வீட்டுக்குக் குலசாமி! மாசிச் சிவராத்திரிக்குச் சாமிப் பெட்டியைத் தலையில் சுமந்து போகிற ஊர்க்காரருக்கு, பெட்டியில் இருக்கும் பழந்துணி எப்படிப்பட்ட பொருள் என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. பட்டவன் யார் பக்கத்து ஆளாக இருந்தால் என்ன, அவனுக்கு ஒரு முறை செய்ய வேண்டும் என்பது நமக்கு வழக்கம்தானே. இங்கே அந்த முறையைச் செய்ய வேண்டியவர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள்.

அவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அந்தப் போரில் தாய்நாட்டுக்கு வெளியே செத்த ஜப்பானியர்கள் சுமார் 24 லட்சம் பேர். அவர்களில் 11 லட்சம் பேருக்கு மேல் இன்றுவரை எலும்புகூடத் திரும்பி வரவில்லை. பல வீடுகளுக்கு அரசாங்கம் ஒரு மரப்பெட்டியை அனுப்பியது. திறந்தால் உள்ளே கல்லோ, மண்ணோ, பெயர் எழுதிய காகிதமோ இருக்கும். நம் வீட்டில் ஒருவர் இறந்து, வைகையிலோ ராமேசுவரத்திலோ கரைக்க ஒரு பிடி சாம்பல்கூட இல்லை என்றால் அந்தத் தாய் என்ன பாடுபட்டிருப்பாள்? அப்படி ஒரு வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே பொருள் உங்கள் பீரோவில் இருக்கிறது.

அமெரிக்காவில் மார்வின் ஸ்ட்ராம்போ என்று ஒரு பழைய மரீன் வீரர். 1944ல் பசிபிக் கடலின் சைபன் தீவில் இறந்து கிடந்த ஒரு ஜப்பானியனிடம் இப்படி ஒரு கொடியைப் பார்த்து எடுத்துக்கொண்டார். எடுக்கும்போதே, என்றாவது ஒருநாள் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று அந்த உடலிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டாராம். 2017 ஆகஸ்டில், 93 வயதில், ஜப்பான் மலைக்கிராமம் ஒன்றுக்கு அவரே நேரில் போனார். கொடிக்குரியவர் பெயர் சடாவோ யசுயே. அவருடைய தம்பி 89 வயதில் உயிரோடு இருந்தார், தங்கைகள் இருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கும் அதற்கு முன் வந்து சேர்ந்தது கற்கள் போட்ட ஒரு பெட்டிதான். தம்பி அந்தக் கொடியில் முகம் புதைத்தார்.

ஸ்ட்ராம்போவுக்கு உதவியது ஓபோன் சொசைட்டி (OBON Society) என்ற அமைப்பு. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து அஸ்டோரியாவில் இருக்கிறது. அது தொடங்கிய கதையும் பர்மாவில்தான் ஆரம்பிக்கிறது. கெய்கோ சியாக் என்ற பெண்ணின் தாத்தா பர்மாவில் இறந்தவர். 2007ல் எதிர்பாராமல் அவருடைய கொடி குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. தன் வீட்டுக்குக் கிடைத்தது மற்ற வீடுகளுக்கும் கிடைக்கட்டும் என்று, கணவர் ரெக்ஸுடன் சேர்ந்து 2009ல் இதை ஆரம்பித்தார். இதுவரை நூற்றுக்கணக்கான பொருள்களைச் சேர்த்திருக்கிறார்கள். குடும்பங்களிடம் காசு வாங்குவதில்லை. முதலில் படத்தை மட்டும் அனுப்பினால் போதும், ஜப்பானில் எழுத்தைப் படித்து ஊரையும் வீட்டையும் தேடும் வேலையை அவர்கள் ஆட்கள் செய்வார்கள். சென்னையில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்துக்கும் இதே படங்களோடு ஒரு கடிதம் எழுதுங்கள். போரில் இறந்தவர் குடும்பங்களின் விவரங்களைக் கவனிப்பது அந்த நாட்டுச் சுகாதார, தொழிலாளர் நல அமைச்சகம்; தூதரகம் வழியாகப் போனால் விஷயம் அவர்களிடம் சேரும்.

மச்சானுக்கு ஒரு வார்த்தை. விலை போகும் என்பது உண்மைதான். வாங்குகிறவர்கள் சேகரிப்பாளர்கள். அவர்களில் ஒருவரிடம் போனால் அங்கிருந்து இன்னொருவர், அப்புறம் ஏலம் என்று கைமாறிக்கொண்டே இருக்கும். அந்த ஊர்க் கிழவி ஒருத்தி தன் அண்ணன் பெயரைப் பார்க்கும் வாய்ப்பு அதோடு முடிந்தது. ஒரு மகனின் சாவுத்துணியை விற்ற காசு உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று நேராகவே சொல்லுங்கள்.

நாட்டைவிட்டு அனுப்பும்போது மட்டும் ஒரு சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, பொதுவாக 100 வருடம் கடந்த பொருள்தான் தொல்பொருள். ஆனால் வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 வருடமே போதும். தொல்பொருள் என்று ஆகிவிட்டால் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எழுத்து நிறைந்த 1940களின் கொடி என்பதால், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிக்கொள்வதுதான் பத்திரம். இதைச் செய்யாமல் கூரியரில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். தூதரகத்தோடு பேசும்போதே இதையும் சொல்லுங்கள்.

தேடியும் குடும்பம் கிடைக்கவில்லை என்றால் நான் மேலே சொன்னபடி பத்திரமாக வீட்டிலேயே வைத்திருங்கள். அது முடியாது என்றால், இம்பால் பக்கத்தில் சண்டை நடந்த சிவப்பு மலை அடிவாரத்தில் 2019ல் திறந்த அமைதி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.

குடும்பம் கிடைத்துவிட்டால் கொடியை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். தாத்தாவைப் பற்றி ஒரு கடிதம் வையுங்கள். பர்மாவில் சண்டை போட்ட இந்தியச் சிப்பாயைப் பற்றி ஜப்பானில் ரொம்பப் பேருக்குத் தெரியாது. எதிரில் நின்றவன் வெள்ளைக்காரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தமிழிலேயே எழுதி, கீழே ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் மொழிபெயர்த்து வைக்கலாம். தாத்தா எந்த ஊர், எந்தப் பிரிவு, திரும்பி வந்து என்ன வேலை பார்த்தார், பர்மாவைப் பற்றி வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார், என்ன சொல்லாமல் இருந்தார் என்று தெரிந்ததை எழுதுங்கள். கொடி எப்படிக் கிடைத்தது என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள், கதை கட்ட வேண்டாம். அப்பத்தா அதைக் கடைசிவரை காப்பாற்றி வைத்திருந்ததைக் கட்டாயம் எழுதுங்கள். தாத்தா பட்டாள உடுப்பில் எடுத்த படம் இருந்தால் ஒரு பிரதி வையுங்கள். கொடியின் படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு சேர்த்து உங்கள் வீட்டுக்கும் ஒரு தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் சித்தப்பாவையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கடைசியில் வீட்டு முகவரியைப் பின்கோடோடு தெளிவாக எழுதுங்கள்; அந்த வீட்டிலிருந்து பதில் வந்தால் சரியாக வந்து சேர வேண்டும்.